கல்லும் ஈயமும்: கிந்தாப் பள்ளத்தாக்கில் ஒரு பாடம்

பிரயாணம் இரு வகைப்படும். கண்ணுக்கு விருந்து தேடிப் போவது ஒன்று. கருத்துக்கு விருந்து தேடிப் போவது மற்றொன்று. பூமியில் நடந்து சென்று, முன்னிருந்தவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் முடிவு என்ன ஆயிற்று என்று பார்க்கும்படி திருமறை பல இடங்களில் மனிதனை ஏவுகிறது. அந்தப் பார்வைக்கு வெளிநாடு போக வேண்டும் என்பதில்லை. உம்ராச் செய்யப் போன நம்மவர் சிலர் வடக்கே அல்உலா வரை சென்று, பாறையைக் குடைந்த ஹிஜ்ரின் மாளிகைகளைப் பார்த்து வந்து கதை கதையாகச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "நம் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை, நாலு குன்று, நாலு குட்டை" என்கிறார்கள். அந்த நாலு குன்றையும் நாலு குட்டையையும் பற்றியதே இந்தப் பாடம்.

சென்ற பள்ளி விடுமுறையில் சங்கத்து இளைஞர் பதினால்வரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் கிந்தாப் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்தோம். அவர்களில் பாதிப் பேரின் பாட்டன்மார் பத்துகாஜாப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள்; மீதிப் பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொன்னதையும், அவர்கள் கேட்ட கேள்விகளால் நாம் மேலும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறோம். வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

பாலைவனத்துச் செம்பும் நம் நாட்டு ஈயமும்

முதலில் தூர தேசத்திலிருந்து தொடங்குவோம். சாக்கடலின் தெற்கு முனையிலிருந்து அகபா வளைகுடா வரை நீண்டு கிடக்கும் வறண்ட பள்ளத்தாக்குக்கு வாதி அரபா என்று பெயர். அங்கே ஜோர்டான் பக்கத்தில் ஃபைனான் என்ற இடமும், எதிர்ப்பக்கத்தில் திம்னா என்ற இடமும் பழங்காலச் செம்புச் சுரங்கங்களால் புகழ் பெற்றவை. திம்னாவில் காற்றும் மழையும் செதுக்கிய செம்மணற்கல் தூண்கள் கோட்டை மதில்போல் நிற்கின்றன; அவற்றின் அடியில் மனிதன் உளி பிடித்துக் குடைந்த சுரங்க வாய்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் எகிப்து மன்னர்களின் ஆட்கள் அங்கே செம்பு எடுத்தார்கள். நபி சுலைமான் (அலை) அவர்களின் பெயரையும் மக்கள் அந்த இடத்தோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அன்னாருக்கு உருகிய செம்பு ஊற்றாய் ஓடியதைத் திருமறை சொல்வதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருப்பார்கள். கி.மு. 10-ஆம் நூற்றாண்டிலும் அங்கே சுரங்க வேலை நடந்தது என்று கரித்துண்டுகளைச் சோதித்த ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். அதை நடத்தியவர் யார் என்பதில் அவர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை.

இந்தச் செம்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். செம்பு மெதுவான உலோகம். தனியே வாளாகவோ கோடரியாகவோ செய்தால் வளைந்துபோகும். ஒன்பது பங்கு செம்போடு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்கினால் அது வெண்கலமாகிறது, உறுதி பெறுகிறது, அச்சில் வார்க்கவும் சுலபமாகிறது. நம் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பழம்பொருள்களிலும் வெண்கலம் உண்டு. ஆகவே செம்புள்ள தேசத்தார் எல்லோரும் ஈயத்தைத் தேடி அலைந்தார்கள். அது எல்லா நாட்டிலும் கிடைப்பதன்று. அதை அள்ளி அள்ளிக் கொடுத்த நாடுகளில் முதல் வரிசையில் நிற்பது இந்த மலாய்த் தீபகற்பம்.

கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு குர்தாத்பிஹ் என்ற நூலாசிரியர், கீழ்த்திசைக் கடல்வழிகளை எழுதும்போது கலாஹ் என்ற ஊரையும் அங்குள்ள ஈயச் சுரங்கத்தையும் குறிப்பிடுகிறார். அந்தக் கலாஹ் இந்தத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. அரபியில் ஈயத்திற்குக் 'கலஈ' என்று ஒரு பெயர் உண்டு. செம்புப் பாத்திரத்திற்குள் ஈயம் பூசுவதை நம் வீட்டுப் பெண்கள் 'கலாய் பூசுவது' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஊரின் பெயர் உலோகத்தின் பெயராகி, கடல் கடந்து, நம் அடுக்களை வரை வந்து சேர்ந்திருக்கிறது!

குன்றும் ஈயமும் வந்த விதம்

கிந்தாப் பள்ளத்தாக்கின் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கருங்கல் மலைகள். நடுவே பள்ளத்தாக்கின் தரை சுண்ணாம்புக் கல். அந்தத் தரையிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்பவைதாம் ஈப்போவிலிருந்து கம்பார் வரை நாம் காணும் வெள்ளைக் குன்றுகள்.

சுண்ணாம்புக் கல் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்து வந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த இடம் கடலாக இருந்தது. சங்கு, சிப்பி, பவளம் முதலிய கடல் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து, இறுகிக் கல்லாயின. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிப்பியைச் சுட்டு எடுப்பதை நம் ஊர்க் கடற்கரையில் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

பிறகு பூமிக்கு அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே இறுகிக் கருங்கல்லாயிற்று. அப்போது கொதிநீரும் ஆவியும் பாறை வெடிப்புகளில் புகுந்து, ஈயத்தாதுவைப் படிய வைத்தன. வெயிலும் மழையும் அந்தக் கருங்கல்லை உதிர்த்தன. ஆறுகள் மணலையும் ஈயத்தாதுவையும் சேர்த்து அடித்துக்கொண்டு பள்ளத்தாக்கிற்கு வந்தன. அங்கே சுண்ணாம்புத் தரை சமதரையாக இல்லை. மழைநீர் அரித்ததால் குழியும் மேடும் கூர்முனையுமாய்க் கிடந்தது. எடை குறைந்த மணல் வழிந்தோட, எடை மிகுந்த தாது அக்குழிகளில் தங்கிவிட்டது. கருங்கல் கொடுத்தது, ஆறு சுமந்தது, சுண்ணாம்புக்கல் பிடித்து வைத்தது. இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடியதால்தான் கிந்தா உலகத்தின் தலைசிறந்த ஈய வயல்களில் ஒன்றாயிற்று.

அரிசி அரிப்பதும் ஈயம் அரிப்பதும்

"மணலையும் தாதுவையும் எப்படிப் பிரித்தார்கள்?" என்று ஓர் இளைஞர் கேட்டார். அவருடைய பாட்டி அரிசி அரித்ததை நினைத்துப் பார்க்கச் சொன்னோம். கல் கலந்த அரிசியை அரிக்கஞ்சட்டியில் தண்ணீரோடு போட்டு, ஒரு பக்கமாய்ச் சாய்த்து அசைத்தால், அரிசி தண்ணீரோடு மேலே வரும். கல் அடியில் நிற்கும். காரணம் எடை வித்தியாசம். ஈயத்தாதுவுக்கும் இதே கணக்குத்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ நிற்கும். அதே அளவு வெண்மணற்கல் சுமார் 2.6 கிலோ நிற்கும். அதே அளவு ஈயத்தாது சுமார் 7 கிலோ நிற்கும். தராசு பிடித்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே மனிதன் சிறிதும் பெரிதுமாய்ப் பல கருவிகளைச் செய்தான். மிகச் சிறியது டூலாங். அது குழிந்த மரத்தட்டு. பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று, அதில் மணலை அள்ளிச் சுழற்றிச் சுழற்றி, அடியில் தங்கும் கறுப்புத் தாதுவைச் சேர்த்தார்கள். பகல் முழுதும் குனிந்தால் கைப்பிடி தாது. அதில்தான் பிள்ளைகளுக்குச் சோறு. சீனப் பெண்களே இதில் மிகுதி.

அடுத்தது பாலோங். நம்மவர் 'லம்பம்' என்று சொல்லும் திறந்த ஈயச் சுரங்கங்களில், பீரங்கிபோன்ற குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரை இடித்துச் சேறாக்குவார்கள். அந்தச் சேற்றைப் பம்பு வைத்து, மரக்கால்களின் மேல் உயரமாய்க் கட்டிய நீண்ட சரிவான பலகைத் தொட்டியில் ஏற்றுவார்கள். அதுவே பாலோங். அதன் குறுக்கே அங்கங்கே கட்டைகள் அடித்திருக்கும். சேறு வழிந்தோடும்போது தாது கட்டைகளின் பின்னால் தங்கிவிடும். கம்பாரில் 2012-இல் திறந்த ஈயச் சுரங்க அரும்பொருட்காட்சியில் இவ்வேலைமுறையைக் காட்டும் உருவங்களைப் பார்க்கலாம்.

தெம்புரோங் குகையினுள்ளே

கோப்பெங்கை அடுத்து, ஈப்போவிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தெற்கே இருப்பது குவா தெம்புரோங். நீளம் சுமார் 3 கிலோமீட்டர். நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. 1997-இல் படிக்கட்டும் விளக்கும் அமைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வெளி வெயில் மறந்துபோகிறது. மேலே கூரை பெரிய பள்ளிவாசலின் குப்பாபோல் வளைந்து உயர்ந்து நிற்கிறது. அங்கே மனிதன் கல்வைத்துக் கட்டிய பாகம் ஒன்றுமில்லை, தண்ணீரே கொத்தன்.

காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு இறங்கும் மழைநீர், சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாய்க் கரைக்கிறது. கரைத்ததைக் குகைக் கூரையில் சொட்டும்போது சிறிது விட்டுவிடுகிறது. அப்படிச் சேர்ந்து தொங்குவது கல்விழுது. கீழே விழுந்த சொட்டில் எஞ்சியது மேல்நோக்கி வளர்வது கல்முளை. இரண்டும் சந்தித்தால் தூண். ஆயிரம் ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும் வேலை இது. எண்ணெய் படிந்த கை பட்டால் சொட்டுநீர் அங்கே ஒட்டாது, வளர்ச்சி நின்றுவிடும். ஆகையால் தொடாதீர்கள் என்று வழிகாட்டி சொன்னதும், கையை நீட்டிய பிள்ளைகள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

இந்தக் குகையினுள்ளும் ஒரு காலத்தில் ஈயம் எடுத்தார்கள். அவசர காலச் சட்டம் நடந்த 1948 முதல் 1960 வரையான ஆண்டுகளில் கம்யூனிஸ்டுகளும் இதில் ஒளிந்திருந்ததாகச் சொல்வர். இன்னும் பழமைக்குப் போக வேண்டுமானால் தம்பூனுக்குப் போகலாம். அங்கே குன்றின் பாறைச் சுவரில், செம்மண் சாயத்தால் தீட்டிய மனித, விலங்கு உருவங்களை 1959-இல் ஓர் ஆங்கிலப் படை அதிகாரி கண்டார். வடக்கே லெங்கோங்கில் 1991-இல் கிடைத்த 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு பத்தாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது. அப்பள்ளத்தாக்கு 2012-இல் உலகப் பாரம்பரிய இடமாயிற்று. நம் குன்றுகளில் மனிதன் குடியிருந்த கதை அவ்வளவு நீளமானது.

ஈயக் கப்பல்

பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில், ஒரு குட்டையின் நடுவே இரும்பு மாளிகைபோல் நிற்பது ஐந்தாம் எண் ஈயக் கப்பல். 1938-இல் கட்டியது. எடை சுமார் 4,500 டன். மிதக்கும் அடித்தளம் 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை 44 ஆண்டுகள் வேலை செய்தது.

இது கடலில் போகும் கப்பலன்று. தான் தோண்டும் குட்டையிலேயே தான் மிதப்பது. முன்பக்கம் வாளிகளைக் கோத்த பெரிய சங்கிலி இறங்கி, அடிமண்ணை அள்ளி அள்ளி மேலே கொண்டுவரும். உள்ளே சல்லடையும் தண்ணீரும் ஆட்டத் தொட்டிகளும் மண்ணையும் தாதுவையும் பிரிக்கும். மண் பின்பக்கம் விழும். முன்னே தோண்டி, பின்னே தூர்த்து, குட்டையோடு குட்டையாகக் கப்பல் வயல்வெளியில் நகர்ந்துகொண்டே போகும். பாட்டியின் அரிக்கஞ்சட்டி இத்தனை பெரிதாகிவிட்டது, அவ்வளவே! இத்தகைய கப்பல்களுக்கு மின்சாரம் வேண்டியிருந்ததால்தான் பேராக் ஆற்றில் செண்டரோ அணை 1930-இல் வேலை செய்யத் தொடங்கியது. நம் பகுதிக்கு விளக்கு வந்ததும் ஈயத்தால் என்று சொன்னால் மிகையாகாது.

ஊர் வளர்ந்த கதை

முதலில் ஈயத்தால் செழித்தது தைப்பிங்கை அடுத்த லாருட். அங்கே சுரங்கத்திற்காகச் சீனக் குழுக்கள் 1861 முதல் அடிக்கடி சண்டையிட்டன. 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆங்கிலேயர் பேராக் ஆட்சியில் புகுந்தார்கள். 1880-களில் கூட்டம் கிந்தாவுக்குத் திரும்பியது. ஆற்றங்கரைச் சிற்றூராய் இருந்த ஈப்போ பட்டணமாயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகத்தார் பயன்படுத்திய வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போயிற்று.

இதில் நம்மவர் பங்கு என்ன? சுரங்கக் குழியில் உழைத்தவர்கள் பெரும்பாலும் சீனர்கள். ஆனால் தாது துறைமுகம் போக இரயில் வேண்டும். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட இருப்புப் பாதையே இந்நாட்டின் முதல் பாதை. அதைப் போட வந்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர். அதன் பிறகு சாலை, பாதை வேலைகளிலும், ரப்பர் வந்ததும் தோட்டங்களிலும் தமிழர் ஆயிரமாயிரமாய் உழைத்தார்கள். உழைப்பவர் இருந்தால் அரிசி, துணி, புகையிலை, காப்பித்தூள் வேண்டுமல்லவா? நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், கடையநல்லூர், இராமநாதபுரச் சீமை ஆகிய இடங்களிலிருந்து வந்த நம் முன்னோர் கடை போட்டார்கள். ஈயமும் ரப்பரும் இருபக்கத் தட்டு என்றால், நம் கடைகள் நடுவே நின்ற தராசுமுள். தட்டு ஏறினாலும் இறங்கினாலும் முள் அசையும்.

இன்றும் நம் கடைப் பலகையில் அந்தக் கதை இருக்கிறது. பால் 'டின்', மீன் 'டின்' என்கிறோம். உலோகத்தின் பெயரே பாத்திரத்தின் பெயராயிற்று. இரும்புத் தகட்டின்மேல் மெல்லிதாய் வெள்ளீயம் பூசியதால்தான் துருப்பிடிக்காமல் பால் கெடாமல் இருந்தது. 232 பாகை வெப்பத்திலேயே உருகிவிடுவதால் பற்றவைக்கவும் அது உதவுகிறது. இளைஞர் கையிலுள்ள கைப்பேசிக்குள் நுண்ணிய கம்பிகளைப் பற்றவைத்திருப்பதும் பெரும்பாலும் வெள்ளீயக் கலவையே.

1985-ஆம் ஆண்டு

ஈயத்தை உற்பத்தி செய்யும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து அனைத்துலக ஈய மன்றம் என்று ஒன்று வைத்திருந்தன. விலை இறங்கினால் மன்றம் வாங்கிச் சேர்த்து வைக்கும், ஏறினால் விற்கும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் உயர்ந்த விலையைப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்ததால், வாங்குவோர் அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாறினார்கள். மன்றத்தில் சேராத பிரேசில் போன்ற நாடுகள் ஏராளமாய் வெட்டி விற்றன. மன்றமோ கடன் வாங்கி வாங்கி ஈயத்தைக் கிடங்கில் அடுக்கியது. 1985 அக்டோபர் 24-இல் கையில் பணமில்லை என்று அறிவித்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் நின்றது. விலை ஏறத்தாழப் பாதியாய் விழுந்தது. கிந்தாவில் பாலோங்குகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன.

அப்போது நாம் சிறுபிள்ளை. அந்நாள் கணக்கை வாப்பாவின் பற்று ஏட்டில்தான் பின்னாளில் படித்தோம். மாதக் கடைசியில் வரவு விழுந்துகொண்டிருந்த பக்கங்களில், அந்த ஆண்டு முடிவிலிருந்து வரவே இல்லை. பற்று மட்டும் நீள்கிறது. சுரங்கத்துப் பம்பு ஓட்டியவர், லோரி ஓட்டியவர், வேலிக்காவல் காத்தவர், இவர்கள் பெயர்களுக்கு நேரே அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். சில பக்கங்களின் குறுக்கே வாப்பா தம் கையால் ஒரு கோடு போட்டு, தேதியிட்டு விட்டிருக்கிறார்கள். கடன்பட்டவன் இடரில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுப்பதும், விட்டுக்கொடுப்பது அதனினும் நன்று என்பதும் நமக்குத் திருமறை கற்பித்த வியாபார ஒழுங்கு. அந்தக் கோடுகள் அதைப் படித்தவர் போட்ட கோடுகள். அந்தக் குடும்பங்களில் சிலர் இன்றும் நம் கடைக்கே வருகிறார்கள்.

ஒரு பண்டத்தை மட்டுமே நம்பிய ஊர், அந்தப் பண்டத்தின் விலையோடு விழும் என்பது இந்த அதிகாரத்தின் பாடம். ரப்பர்த் தோட்டங்களும் பின்னர் செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறின; லயத்து மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு தொழில் கற்பிக்கும்போதே மாற்றுத் தொழில் ஒன்றும் கற்பியுங்கள் என்று நாம் சொல்வது இதனால்தான்.

மழை நாட்டில் ஒரு பாலைவனம்

கப்பலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு வெளியில் வேனை நிறுத்தினோம். கண்ணுக்கெட்டிய வரை வெண்மணல். அங்கங்கே லாலாங்குப் புல். நிழல் தரும் மரம் ஒன்றுமில்லை. உச்சிவேளையில் மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. "இது அரபு நாடு மாதிரி இருக்கிறதே!" என்றார் ஒருவர். ஆம், ஆனால் ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் மனிதன் உண்டாக்கிய பாலைவனம் இது. ஈயத்தோடு களிமண்ணும் உரமும் கழுவிப் போய்விட, சத்தற்ற மணல் மட்டும் மிஞ்சியது. அதில் பெய்யும் மழை நிற்பதில்லை.

ஆயினும் மனிதன் கெடுத்ததை மனிதன் திருத்தவும் முடியும் என்பதற்கு இதே பள்ளத்தாக்கில் சாட்சி உண்டு. பழைய ஈயக் குட்டைகளில் மீன் வளர்க்கிறார்கள். தஞ்சோங் துவாலாங் நன்னீர் இறாலுக்குப் பெயர் பெற்றது. எருவிட்டுப் பாடுபட்ட மணலில் கீரையும் பழமும் விளைகின்றன. பத்துகாஜாப் பக்கத்துக் குட்டைகளில் கொக்கும் நாரையும் கூட்டமாய்க் கூடு கட்டுகின்றன. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஈயக் குட்டை பார்க்க அமைதியாய் இருக்கும், கரை செங்குத்தாய் இறங்கும், மண் வழுக்கிச் சரியும். நீச்சல் தெரிந்தவரும் மாண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

குன்றுகள் கேட்கும் நீதி

ஈயம் போயிற்று, குன்று இருக்கிறது என்று நாம் நிம்மதி அடைவதற்கில்லை. சிமெந்திக்கும், சாலைக் கல்லுக்கும், சலவைக் கல்லுக்கும், ஆலைகளுக்கு வேண்டிய சுண்ணாம்புப் பொடிக்கும் குன்றுகளை வெட்டுகிறார்கள். சாலையிலிருந்து பச்சையாய்த் தெரியும் குன்றின் மறுபக்கம் போய்ப் பார்த்தால், பாதியை அரிந்து எடுத்த அப்பம்போல் நிற்கிறது. நாமும் வீடு கட்டுகிறோம். நமக்கும் சிமெந்தி வேண்டும். வெட்டவே கூடாது என்று சொல்வது நேர்மையன்று. எந்தக் குன்றை வெட்டுவது, எதை விடுவது என்று ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டும் என்பதே நியாயம். ஒவ்வொரு குன்றும் கடல்நடுவே ஒரு தீவுபோல. அங்கே மட்டுமே வாழும் நத்தையும் செடியும் உண்டு. ஈப்போவுக்கு வடக்கே கந்தான் குன்றின் குகையில், வாசலுக்குக் கதவு வைத்து வாழும் ஒரு சிலந்திக்கு அறிவியலார் அக்குன்றின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். குன்று போனால் அதற்குப் போக வேறு இடமில்லை. மணலில் மறுபடி கீரை விளைவிக்கலாம். வெட்டிய குன்றை மறுபடி வளர்க்க யாரால் முடியும்?

குன்றை மதிக்க வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் செரோவில் பெரும்பாறை சரிந்து, அடியில் குடியிருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டார்கள். சுண்ணாம்புக் குன்று உள்ளுக்குள் கரைந்துகொண்டே இருப்பது. அதன் காலடியில் வீடோ கடையோ கட்டுமுன் நூறு முறை யோசிக்க வேண்டும்.

2018-இல் கிந்தா, கம்பார் மாவட்டங்களைச் சேர்த்துத் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். பூங்கா என்றவுடன் வேலி போட்ட மலர்த்தோட்டம் என்று எண்ண வேண்டாம். மக்கள் வாழும் ஊர், வயல், குன்று, குகை, பழைய சுரங்கம் எல்லாம் சேர்ந்ததே அது. அதாவது நம் வீடும் கடையும் பூங்காவுக்குள்ளேதான் இருக்கின்றன! காவலும் நம்மைச் சேர்ந்ததே.

போக விரும்புவோர்க்கு

பஜ்ரு தொழுது ஏழு மணிக்குப் புறப்பட்டால் ஒரு பகல் போதும். முதலில் தெம்புரோங் குகை. பிற்பகல் மழையில் உள்ளே ஆறு பெருகும்; ஆகவே காலையே நல்லது. வழுக்காத சப்பாத்து, மாற்றுடை, கைவிளக்கு வேண்டும். லுஹருக்குக் கோப்பெங், அங்கே பட்டணத்தாரே 2009-இல் அமைத்த சிறு அரும்பொருட்காட்சி உண்டு. பிறகு பத்துகாஜா வழியாக ஈயக் கப்பல். வழியில் கெல்லி மாளிகையும் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர் கைபட்ட அந்தக் கட்டடம், சொந்தக்காரர் 1926-இல் மறைந்ததும் முடியாமலே நின்றுவிட்டது. புறப்படுமுன் அந்தந்த இடத்தின் திறப்பு நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். குகைகளில் பிற சமயத்தார் அமைத்துள்ள கோயில்களைக் கடக்கும்போது மரியாதையோடு நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குகைச் சுவரில் பெயர் கிறுக்குவது கூடவே கூடாது.

முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். டூலாங் பிடித்த பெண்களும், கப்பலில் வேலை செய்தவர்களும், பால்மரம் வெட்டியவர்களும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைப்பது இந்த ஆண்டு செய்ய வேண்டிய வேலை. பத்து ஆண்டு கழித்துச் செய்ய முடியாத வேலை. பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்தால் நம் இதழில் இன்ஷா அல்லாஹ் வெளியிடுவோம்.

இளைஞர் சிந்தனைக்கு

1. கிந்தாவில் ஈயம் தங்கியதற்குக் கருங்கல், ஆறு, சுண்ணாம்புக்கல் மூன்றும் எவ்வாறு உதவின?

2. அரிக்கஞ்சட்டி, டூலாங், பாலோங், ஈயக் கப்பல் நான்கிற்கும் பொதுவான விதி எது?

3. 1985-இல் ஈய விலை விழுந்ததற்குக் காரணங்கள் யாவை? நம் வியாபாரத்திற்கு அதில் என்ன படிப்பினை?

4. உங்கள் வீட்டு முதியவர் எந்தத் தோட்டத்தில், எந்தச் சுரங்கத்தில், எந்தக் கடையில், எந்த ஆண்டு வேலை செய்தார்? கேட்டு எழுதுக.

5. உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரியும் குன்றின் பெயர் என்ன?

ஐந்தாவது கேள்விக்கு வேனிலிருந்த பதினால்வரில் மூவருக்கே விடை தெரிந்தது. வருகிற விடுமுறைக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.